ஆன்டெனா விரட்டிய மழை

ராஜபாளையத்தில் நான் பஸ் ஏறியதும் முன் சீட்டில் இருந்த ஒரு அம்மா பக்கத்தில் இருந்த தன் வீட்டுக்காரரிடம் பேப்பரை நீட்டினார்.

"டிவி ஆன்டெனா மழை மேகத்தை விரட்டுதுன்னு எம் பேர்ல பேப்பருக்கு எதுக்குக் கடிதம் போட்டீங்க?"

"எம் பேர்ல ஒம்பது அனுப்பினேன். ஒண்ணும் வரலை. பொம்பளை பேருன்னா பேப்பர்க்காரன் ஒடனே போடுதான்."

"எதுத்த வீட்டு ஆன்டெனாவை மொதல்ல கழட்டணும்னு வேற எழுதியிருக்கீங்க. அவிய வீட்லதான் ஞாயித்துக்கெழம படம் பாக்கேன். நேத்து படத்துக்குப் போனா கதவே தொறக்கலை."

"விஞ்ஞானம்னா கொஞ்சம் கஷ்டம் இருக்கத்தான் செய்யும்."

ஸ்ரீவில்லிபுத்தூர் நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஜன்னல் ஷட்டரை இறக்கினோம். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னொண்ணு எழுதுங்க. எதுத்த வீட்டு ஆன்டெனாதான் மழையைக் கொண்டாந்துச்சுன்னு."

அவர் உடனே பேனாவை எடுத்தார். "யார் பேர்ல?"

"எம் பேர்லதான். ஞாயித்துக்கெழமைக்கு முந்தி பேப்பர்ல வந்தாகணும்."