கொடை கேட்டோம், குடை வந்தது

"சுருக்கமாகப் பேசு" என்று கண்ணாலேயே கட்டளையிட்டுக்கொண்டிருக்கும் அவைத்தலைவர் ஐயா அவர்களே! முழங்கால் வலியை மூட்டை கட்டி வைத்துவிட்டு முன்வரிசையில் வந்தமர்ந்திருக்கும் மூத்தோர்களே! பெற்ற பிள்ளைக்குத் தாயாகவும், பிறர் பிள்ளைக்குப் பெருந்தாயாகவும் விளங்கும் அன்னையர்களே! கடையைச் சாத்திவிட்டு வந்த வணிகர்களே, கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்த கொத்தனார்களே! ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கும் சின்னஞ்சிறு செல்வங்களே! அளவெடுத்தே பழகிய இந்தத் தையல்காரியின் அளவில்லாத வணக்கம் உங்கள் அனைவருக்கும்!

நாம் இன்று அமர்ந்திருக்கும் இந்த வீடு யாருடையது? உரக்கச் சொல்லுங்கள், கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை. ஆம், நம் மாலைப் பள்ளியின் வீடு. சந்தையில் சுமை இறக்குவோரின் பிள்ளைகளும், சாலையில் தார் ஊற்றுவோரின் பிள்ளைகளும் பள்ளி விட்டதும் வந்து பசியாறும் வீடு, பாடம் படிக்கும் வீடு, காய்ச்சல் வந்தால் மருந்து பெறும் வீடு. "எப்போது காலி செய்கிறீர்கள்?" என்று இனி எவரும் வாசலில் வந்து கேட்க முடியாத வீடு. நேற்றோடு கடைசித் தவணையும் கட்டியாயிற்று. கைதட்டுங்கள், தவறில்லை, நமக்கு நாமே தட்டிக்கொள்ள இதைவிட நல்ல நாள் வராது.

ஆனால் சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நிலைமை என்ன? வீட்டுக்காரர் இந்த வீட்டை விற்கப்போவதாகச் சொல்லிவிட்டார். மாத முடிவுக்குள் முன்பணம் கட்டினால் நமக்கு, இல்லையென்றால் கிடங்கு கேட்டு வந்தவருக்கு. அவர் மேல் குறை சொல்ல மாட்டேன், நமக்காக ஒரு மாதம் காத்திருந்தாரே, அதுவே பெரிது.

அப்போது ஒருநாள் மாலை, சந்தையில் மூட்டை தூக்கும் அக்கா ஒருவர் என் தையல் கடைக்கு வந்தார். அவருடைய மகளை உங்களுக்கெல்லாம் தெரியும். எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பதால் நாம் "ஏன்குட்டி" என்று பெயர் வைத்தோமே, அவள்தான். ஆசிரியர்களுக்கே வியர்க்க வைத்த வீராங்கனை! பள்ளி இறுதித் தேர்வு எழுத வேண்டிய ஆண்டு அது. அக்கா என் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றபடியே சொன்னார்:

"பள்ளி இருந்தா படிக்கட்டும்மா. மூடிட்டா, நான் லோடு இறக்கப் போற நேரத்துல வயசுப்புள்ளைய யாரை நம்பி விட்டுட்டுப் போவேன்? நூல்மில்லு ஆளு வந்து கேட்டுட்டுப் போயிருக்காரு. ஒண்ணாந்தேதி பஸ்ஸு வருதாம். அங்க தங்க இடமாவது இருக்காமே."

அந்தத் தாயிடம் நான் என்ன நியாயம் பேசுவது? அவர் கேட்டது தன் பெண்ணுக்குப் பாதுகாப்பான கூரை. அதைத் தரும் வக்கு நமக்கு இருக்கிறதா, இல்லையா? அதுதான் கேள்வி. எனக்கு அன்றைக்குத் தையல் கோணலாகவே விழுந்தது.

நம் பள்ளிக் குழு கூடியது, சுவரொட்டி அடிப்பதென்று முடிவானது. தலைவர் ஐயா அச்சகத்துக்குத் தொலைபேசியில் வாசகம் சொன்னார். அச்சகத்து அண்ணன் எப்படிப்பட்டவர்? கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயரையே திருத்தியவர். ஊரே அவரை "இலக்கணம்" என்றுதான் அழைக்கும். அதோ, தூணுக்குப் பின்னால் மறைகிறார் பாருங்கள். வெளியே வாருங்கள் அண்ணே, இன்று உங்களுக்குத் திட்டு இல்லை.

தலைவர் சொன்னது, "ஏழைக் குழந்தைகளுக்குக் கொடை தாரீர்." வாரி வழங்கும் கொடை! ஆனால் நம் வீட்டில் மழை வந்தால் என்ன சொல்கிறோம்? "கொடைய எடுத்துக்கிட்டுப் போ" என்கிறோம். இலக்கணம் அண்ணன் யோசித்திருக்கிறார்: பாவம் தலைவர், பேச்சு வழக்கில் சொல்கிறார், அச்சில் அப்படிப் போட்டால் அவருக்குத்தானே அவமானம்? திருத்திவிட்டார். ஊரெங்கும் ஒட்டியாயிற்று: "ஏழைக் குழந்தைகளுக்குக் குடை தாரீர்!" ஒற்றுப்பிழை இல்லை, எழுத்துப்பிழை இல்லை, விஷயம் மட்டும்தான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கூடத்தை வாடகைக்குப் பிடித்து, பூட்டுப் போட்ட பெட்டியோடு உட்கார்ந்திருந்தோம். முதலில் முடிதிருத்தும் அண்ணன் வந்தார். குடையை நீட்டி, எங்கே வைப்பது என்று கேட்டார். நனைந்த குடையாக்கும் என்று நினைத்த தலைவர் மூலையைக் காட்டினார். அடுத்து வந்தவர் கையிலும் குடை. அதற்கடுத்தும் குடை. கறுப்புக் குடை, பூப்போட்ட குடை, மடக்கினால் விரியாத குடை, விரித்தால் மடங்காத குடை! மூலை நிறைந்து சுவரோரமும் நிறைந்தது, பெட்டியில் மட்டும் சில்லறைச் சத்தம்கூட இல்லை. யாரோ போய்ச் சுவரொட்டியைப் படித்துவிட்டு வந்து சொன்னபோது தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. இலக்கணம் அண்ணனுக்கு ஆள் பறந்தது.

"நீங்க கொடைன்னுதானே சொன்னீங்க?" என்றார் அவர்.

"கொடைன்னுதான்யா சொன்னேன்."

"அதான் குடைன்னு போட்டேன்."

சிரியுங்கள், சிரியுங்கள். அன்று நாங்கள் சிரிக்கவில்லை. அந்த நேரத்தில்தான் மூட்டை தூக்கும் அக்கா உள்ளே வந்தார். மகள் சுவரொட்டியைப் படித்துக் காட்டினாளாம். வீட்டில் இருந்த ஒரே குடையைக் கொண்டுவந்து நீட்டினார். வேண்டாம் அக்கா, நீங்கள் எப்படிப் போவீர்கள் என்று நான் மறுத்தேன். "எம் பொண்ணுக்கு இத்தனை நாள் சோறும் படிப்பும் போட்டீங்க. இன்னொரு புள்ள நனையாம போகட்டுமே" என்று சொல்லி என் கையில் திணித்துவிட்டுப் போனார். கொடை என்ற சொல்லுக்குப் பொருள் தேடி எந்த அகராதியைப் புரட்டுவது? தன் மகளின் படிப்பே தொங்கலில் இருக்கும்போது ஊரார் பிள்ளைக்குக் குடை கொடுத்த அந்த ஈரக் கையை விடவா அகராதி சொல்லிவிடும்?

அடுத்து, அதுவரை தூறலாய் இருந்த மழை வலுத்தது. சாதாரண மழையா? கொட்டித் தீர்த்தது! எதிரே பேருந்து நிலையத்தில் வேலை முடிந்த கூட்டம் வெளியேற வழியில்லாமல் நின்றது. தலைகுனிந்து உட்கார்ந்திருந்த இலக்கணம் அண்ணன் சட்டென்று எழுந்தார். குடைகளை விறகுக்கட்டு போல அள்ளினார், மழைக்குள் ஓடினார், தொண்டை கிழியக் கத்தினார்:

"குடை எடுங்க, கொடை கொடுங்க! நாளைக்குக் குடையத் திருப்பிக் கொடுங்க, கொடையத் திருப்பிக் கேக்காதீங்க!"

அவர் பின்னால் நான் ஓடினேன். என் பின்னால் பெட்டியோடு தலைவர் ஓடினார். அவர் ஓடி அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கப்போவதில்லை. எதற்குக் கொடை என்று கேட்டவர்களுக்கெல்லாம் நனைந்தபடியே இந்த வீட்டின் கதையைச் சொன்னோம். கேட்டவர்கள் கொடுத்தார்கள், கொடுத்தவர்கள் பக்கத்தில் நின்றவர்களையும் கொடுக்க வைத்தார்கள். பெட்டி கனத்தது, மூலை காலியானது.

"போன குடை வந்த சரித்திரம் உண்டா?" என்று கேலி பேசியவர்களும் இருந்தார்கள். வந்தது ஐயா, வந்தது! மறுநாள் காலையில் கூடத்தின் வாசலில் வரிசை நின்றது. ஒடிந்த கம்பியைச் சரிசெய்து கொண்டுவந்தார் ஒருவர். தன் குடையையும் சேர்த்து வைத்துவிட்டுப் போனார் இன்னொருவர். ஒரு நர்ஸ் அம்மா, வாரம் ஒருமுறை பிள்ளைகளைப் பார்க்க வருகிறேன் என்றார், இன்றுவரை வருகிறார். மாதாமாதம் தருகிறோம் என்று பெயர் கொடுத்தவர்களால்தான் தவணைகளைத் தவறாமல் கட்ட முடிந்தது. திரும்பாத குடைகளும் உண்டு. அவை எங்கோ எவர் தலையையோ காக்கின்றன, வாழ்க அந்தத் தலைகள்! மாதத்தின் கடைசி நாள் மாலை முன்பணத்தைக் கட்டினோம்.

மறுநாள் ஒண்ணாந்தேதி. சொன்னபடி பஸ் வந்தது. அக்கா வீட்டு வாசலில் ஹாரன் அடித்தது. நானும் அங்கே போய் நின்றேன், ஏனென்றால் வறுமைக்கு வாக்குறுதி தெரியாது. மில்லுக்காரர் இறங்கி, பெண்ணின் பெட்டி எங்கே என்று கேட்டார். அக்கா சும்மாட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நிதானமாகச் சொன்னார்:

"பஸ்ஸ எடுத்துக்கிட்டுப் போங்க சார். எம் பொண்ணு போக வேண்டிய இடம் நடக்குற தூரத்துலயே இருக்கு."

தாய்மார்களே! ஊர் திரண்டால் தேர் நகரும் என்பார்கள். நான் பார்த்தேன், ஊர் திரண்டபோது ஒரு பேருந்தே பின்வாங்கியது! வந்த வழியே காலியாகத் திரும்பிப் போனது! அன்று நாம் வென்றது நான்கு சுவரை அல்ல, அந்தத் தாய் "மாட்டேன்" என்று சொல்லும் உரிமையை. தலைநிமிர்ந்து சொல்கிறேன், நாம் வென்றோம்!

ஏன்குட்டி தேர்வில் தேறினாள், மேல்வகுப்பில் சேர்ந்துவிட்டாள். மாலையில் இங்கே சிறுவர்களுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள். அதோ கரும்பலகைக்குப் பக்கத்தில் சாக்பீஸோடு நின்று என்னை முறைக்கிறாளே, ஏன் தெரியுமா? பாடம் தொடங்கும் நேரம் தாண்டிவிட்டது. தலைவர் கண்ணுக்குப் பயப்படாத நான் அந்தக் கண்ணுக்குப் பயப்படுகிறேன். ஆகவே, அள்ளித் தந்தவர்களுக்கும், அலைந்து திரிந்தவர்களுக்கும், பிழை செய்து நம்மைப் பிழைக்க வைத்த அச்சகத்து அண்ணனுக்கும் என் நன்றி. வணக்கம். எல்லோரும் தயவுசெய்து எழுந்துகொள்ளுங்கள், பிள்ளைகள் உட்கார வேண்டும்.