பட்டிக்கு அடியில் இருந்த எண்

பெயர் இந்த வாக்குமூலத்தின் மேலே எழுதியிருக்கிறபடி. எங்கள் பக்கம் 'பளபளா' என்று கேட்டால்தான் தெரியும். வயது ஐம்பத்தெட்டு, பார்க்கிறவர்கள் நாற்பது என்பார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்தெரு, கடைசி வீடு. படிப்பு ஏழாவது வரை, அதற்கு மேல் அனுபவம்.

என் அக்காள் மகன் பழைய பைக் ஒன்று வாங்கினான். வெளியே விட்டால் கெடுத்துவிடுவார்கள் என்று நானே என் வீட்டு மாடியில் வைத்துப் பிரித்து, கம்பி பிரஷாலும் உப்புத்தாளாலும் துருவைத் தேய்த்து எடுத்தேன். அதன் பிறகு குழி விழுந்த இடங்களைப் பட்டி மாவால் அடைத்து, காயவிட்டு, சிவப்பு ப்ரைமர் அடித்தேன். விமானக் கம்பெனிக்காரன் வந்து கற்றுக்கொள்ள வேண்டிய வேலை.

அதன் பிறகு மருமகன் அதில் வேலைக்குப் போகும்போது சோதனையில் போலீஸார் நிறுத்தி, ஹேண்டில் பாருக்குக் கீழே குழாயில் பொறித்திருக்க வேண்டிய சேஸிஸ் எண் இல்லை, திருட்டு வண்டி என்று பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு விசாரிக்க வந்த அதிகாரியிடம், "ஒரு புள்ளி துரு விடல சார், இரும்போட எலும்பு தெரியுற வரைக்கும் தேய்ச்சேன்" என்று சொன்னது நான்தான். அப்படியானால் எண்ணை அழித்தது நீங்கள்தான் என்று எழுதிக்கொண்டு போனார்.

அதன் பிறகு அக்காள் வந்தாள். உட்காரவில்லை.

"உன் வாயாலதான்டா அவன் உள்ள இருக்கான். காலையில கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். நெஜமாவே தேய்ச்சியா, இல்ல வழக்கம்போலவா?"

அவளோடு ஸ்டேஷனுக்கு வந்து உள்ளதைச் சொன்னேன். அந்தக் குழாயை நான் தேய்க்கவே இல்லை. வெயில் ஏறிவிட்டது. கண்ணாடி போடும் வழக்கமும் எனக்கில்லை. விரலால் தடவினேன், வரிசையாகக் குழி குழியாக இருந்தது. துரு தின்றிருக்கிறது என்று நினைத்து, அதன் மேலேயே பட்டியை வழித்து ப்ரைமர் அடித்துவிட்டேன்.

அதன் பிறகு அதிகாரி பைக்கை முற்றத்துக்குத் தள்ளி வரச் சொல்லி, பெயின்ட் கரைக்கிற தின்னரும் சுரண்டியும் கொடுத்தார்.

"மெதுவா மாமா. இருக்கிறதையும் சுரண்டிடாதீங்க" என்று மருமகன் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னான்.

தின்னரை ஊற்றிச் சுரண்டினேன். பட்டி ஏடு ஏடாக உரிந்தது. முதலில் துருதான் வந்தது. "இதுதான் எலும்பா?" என்றார் பக்கத்தில் நின்ற ஏட்டு. அதன் பிறகு எண்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அதிகாரி வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். கடைசி இலக்கம் ஆறா எட்டா என்று விளங்கவில்லை. அக்காள் முந்தானையைத் தின்னரில் நனைத்துத் துடைத்தாள்.

எட்டு. ஆர்.சி.யிலும் எட்டு.

மேலே உள்ளதைப் படித்துக் காட்டினார்கள். விமானக் கம்பெனி வரியை அடித்துவிடலாம். மீதி நடந்தது நடந்தபடி. கையெழுத்துப் போட வேண்டிய கோடு தெரியாததால், அக்காளின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு ஒப்பமிடுகிறேன்.