ஒரு விரல் இடைவெளி

மண் அடுப்பு வாங்கப் போகிறவர்கள் முதலில் விரலை மடக்கி அதைத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல அடுப்பு கணீரென்று பதில் சொல்லும். உள்ளே விரிசல் இருந்தால் சளி பிடித்தவன் இருமுகிற மாதிரி வரும். இதெல்லாம் எதற்கு என்று பேனாவைத் தூக்கிக்கொண்டு பார்க்கிறீர்கள், ஸ்டேஷன் ரைட்டர் ஐயா. எழுதிக்கொள்ளுங்கள். அடுப்பை விட்டுவிட்டு என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

பெயர் சலாவுதீன், வயது முப்பத்தெட்டு. காரிமங்கலம் சந்தைக்கு எதிரில் அக்பர் அலி பாயின் சாப்பாட்டுக் கடையில் அடுப்பில் நிற்கிறேன். உங்களுக்குத் தெரியாததா? சந்தை நாளில் சுட்ட தொடைக்கறிக்காக வந்து பெஞ்சில் இடம் பிடிக்கிறவர்தானே நீங்கள்.

ஆள் இடுப்பு உயரத்தில் முட்டை மாதிரி நிற்குமே, அந்த அடுப்பு நம் ஊர்ச் சரக்கில்லை. கிணறு தோண்ட இடம் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்கார என்ஜினீயர் ஜப்பானிலிருந்து கொண்டுவந்தது. ஊருக்குத் திரும்பும்போது பாயிடம் கொடுத்துவிட்டுப் போனார். பாய் அதைச் சூடு ஆறுவதற்குள் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். இரண்டாகப் பிளந்துவிட்டது. துண்டுகளை மூட்டை கட்டிப் பென்னாகரம் பக்கத்துக் குயவர் மாதையனிடம் கொண்டுபோய்க் கொட்டி, இதே மாதிரி வேண்டும் என்றேன். மறுபடி போனபோது மூன்று செய்து வைத்திருந்தார். அரை நாள் மூன்றையும் தட்டிக்கொண்டிருந்தேன். "பொண்ணு பாக்க வந்தவன்கூட இத்தன நேரம் பாக்க மாட்டானுங்க" என்று மாதையன் சிரித்தார். அறுபத்தேழாம் வருஷம் நான் பொறுக்கி எடுத்ததுதான் இன்றைக்கும் நிற்கிறது. எட்டு வருஷத்தில் ஒரு கீறல் இல்லை.

புது அடுப்பில் எடுத்த எடுப்பில் பெரிய தீ போடக் கூடாது. முதல் நாள் கை பொறுக்கிற சூடு, மறுநாள் கொஞ்சம் கூட, மூன்றாம் நாள்தான் முழுத் தீ. மேல்பாதி முழுக்கக் கைப்பிடி வைத்த மூடி. அடியில் ஒரு சின்னக் கதவு, மூடியின் உச்சியில் ஒரு துளை, அதை அடைக்க ஒரு தட்டு. காற்று கீழே நுழைந்து மேலே போகும். இரண்டையும் எவ்வளவு திறக்கிறோம் என்பதில்தான் தொழிலே இருக்கிறது. இதை எனக்குச் சொல்லித்தர ஆள் இல்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இடது புருவம் பாதிதான் இருக்கிறது, பாருங்கள். அதுவும் அந்த முதல் மாதத்தில் போனதுதான்.

கவுஸ் பாய் எழுபத்திரண்டில் வந்தார். பாயின் மகள் பரிதாவின் வீட்டுக்காரர். பெங்களூர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், பெண் குழந்தை பிறந்ததும் ஊரோடு இருக்கலாம் என்று விட்டுவிட்டார். நல்ல மனிதர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், இருந்தும் என்னை வாங்க போங்க என்றுதான் பேசுவார். அவரைப் பற்றிக் குறை சொல்ல இன்றைக்கும் என்னிடம் ஒன்றும் இல்லை.

ஒருநாள் பாய் என்னைக் கூப்பிட்டார். "சலாவு, மாப்ள அடுப்புல நிக்கட்டும். எல்லாத்தையும் அவருக்குக் கத்துக் குடுத்துட்டு நீ கறி வெட்ற பக்கம் வந்துடு. ஒரே வூட்டு ஆளுங்கதான நாம." சரிங்க பாய் என்றேன். எனக்கு வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். கலியாணம் காட்சி என்று எனக்கு எதுவும் அமையவில்லை. காலையில் எழுந்தால் அந்த அடுப்பு, படுத்தால் அந்த அடுப்பு. ஆனால் எரிச்சலை யாரிடமும் காட்டவில்லை. நாற்பது நாள் முறையாகக் கற்றுக்கொடுத்தேன். வேலங்கரியில் இரும்பு மாதிரி ஓசை வருவதை எடுக்கணும், ஈரக்கரி தெறிக்கும் என்றேன். சாம்பலைத் தினம் வழித்துவிடணும், இல்லாவிட்டால் கீழ்க்கதவு அடைத்துக்கொள்ளும் என்றேன். உள்ளே படிந்த கொழுப்பைத் தண்ணீர் போட்டுத் தேய்க்காமல் வெறும் தீயிலே எரித்து எடுக்கக் காட்டினேன். அவரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டார்.

ஒரு கேள்வி கேட்டார். "மூடியத் தொறக்கறப்ப ஒரு விரல் அளவு தூக்கிக் கொஞ்ச நேரம் நிறுத்தறீங்களே, என்னாத்துக்குங்க?"

"பிஸ்மில்லா சொல்றேன் பாய்" என்றேன்.

அது பொய்யில்லை. சொல்வேன்தான். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல பழக்கமுங்க, நானும் சொல்றேன்" என்றார். மறுநாளிலிருந்து அடுப்பு முன்னால் நின்று, கைப்பிடியில் கை வைத்து, கண்ணை மூடி முழுசாகச் சொல்லுவார். சொல்லி முடித்துவிட்டு மூடியை ஒரேயடியாகத் தூக்குவார். அல்லாவின் பெயரைப் பாதி திறந்த மூடியோடு சொல்வது மரியாதையில்லை என்று நினைத்தார் போலிருக்கிறது. நான் திருத்தவில்லை. ஒரு மனிதன் தொழுவதைத் திருத்த நான் யார்?

அந்த நாட்களில் ஒன்றும் ஆகவில்லை. மேலும் கீழும் காற்று ஓடிக்கொண்டிருந்தால் மூடியை எப்படித் திறந்தாலும் ஒன்றும் ஆகாது. இரண்டையும் இறுக்கி அடைத்து, உள்ளே கொழுப்பு சொட்டிக்கொண்டிருந்தால்தான் தீ மூச்சு முட்டிக் காத்திருக்கும். அப்போது படக்கென்று திறந்தால், உள்ளே இருப்பதெல்லாம் ஒரே பாய்ச்சலில் வெளியே வரும். அதற்காகத்தான் அந்த ஒரு விரல்.

நாற்பதாவது நாள் சந்தை. மதியம், கடை நிறையக் கூட்டம். கவுஸ் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். நான் நல்ல கொழுப்பான தொடையாகப் பார்த்து அடுக்கி மூடினேன். வெளியே காற்று அடித்துக்கொண்டிருந்தது, தீ ஏறிவிடக் கூடாதே என்று கீழ்க்கதவையும் மேல்துளையையும் சாத்தினேன். பிறகு வெட்டுகிற கட்டைக்குப் போய்விட்டேன். மறுநாளிலிருந்து என் இடம் அதுதானே. அவர் திரும்பி வந்து, "கறி வெந்துருச்சுங்களா சலாவு பாய்?" என்றார். பாத்துக்குங்க என்றேன். மூடியின் விளிம்பில் புகை வெளியே வந்து வந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. எனக்கு அது தெரிந்தது.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அவரைத் தருமபுரி ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்துக் கொண்டுபோனோம். உயிர் தங்கியது, கண் இரண்டும் போய்விட்டன. கைத்தவறுதலால் ஏற்பட்ட தீ விபத்து என்று எழுதியதும் நீங்கள்தான், உங்களைக் குற்றம் சொல்லவில்லை. அடுத்த வாரமே பாய் என்னை மறுபடி அடுப்புக்கு அனுப்பிவிட்டார். வேறு யார் இருக்கிறார்கள்?

மூன்று வருஷமாகக் கவுஸ் பாய் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த மதியம் அவருக்குக் கொஞ்சமும் நினைவில் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் நாள் என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு கேட்டார். "பக்கத்துல நீங்கதான இருந்தீங்க. அன்னிக்கு நான் பிஸ்மில்லா சொன்னேனுங்களா?"

"கூட்டமுங்க பாய். அவசரத்துல வுட்டுட்டீங்க போலிருக்கு" என்றேன்.

"அதான்" என்றார். "அதானே பாத்தேன்." அதற்கு மேல் அவர் என்னை எதுவும் கேட்டதில்லை. அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் நோன்பு வைக்கிறார். யாரைப் பற்றியும் ஒரு புகார் கிடையாது.

போன வெள்ளிக்கிழமை பரிதா குழந்தையைக் கடைக்குக் கூட்டிவந்தாள். நாலு வயதாகிறது. தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்த குழந்தை, திடீரென்று டம்ளரைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டு வீறிட்டு அழுதது. பரிதா கையை விலக்கப் பார்த்தாள், விடவில்லை. "சொல்லாம எடுத்துட்டேன், சொல்லாம எடுத்துட்டேன்" என்று அதையே சொன்னது. அத்தா மாதிரி தனக்கும் கண் போய்விடும் என்று நினைத்திருக்கிறது. கவுஸ் பாய் சத்தம் வந்த திசையில் கையை நீட்டித் தேடினார். நான் அடுப்பருகில்தான் இருந்தேன். கைப்பிடியில் கை வைத்தேன், மூடியைத் தூக்க முடியவில்லை. அன்றைக்குக் கறி தீய்ந்துவிட்டது. எட்டு வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை.

எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்குக் காற்று அடிக்கவில்லை. கீழ்க்கதவையும் மேல்துளையையும் சாத்தியது நான், வேண்டுமென்றேதான். இனி அந்த அடுப்பில் நிற்கப்போகிறவரிடம் ஒரு விரல் விஷயத்தைச் சொல்லிவிடச் சொல்லுங்கள். நான் எதையும் ஒளித்துவைக்கிற ஆள் இல்லை. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இன்னும் ஒரு வரி. அதைத் தனியாக எழுதி, கவுஸ் பாய்க்கும் அந்தக் குழந்தைக்கும் நீங்களே படித்துக் காட்டுங்கள், என் வாயால் முடியவில்லை. அன்றைக்கு அவர் பிஸ்மில்லா சொன்னார். கைப்பிடியில் கை வைத்து, அவசரமில்லாமல், முழுசாகச் சொன்னார். அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் கத்தியைத் துடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.