திரைக்கு முன்னால் விழுந்த படம்

டிக்கெட் அக்கா: ...அதான் கேக்கறேன். இன்னும் அரை மணியில தியேட்டர் முதலாளி படம் பார்க்க வந்து முதல் வரிசையில உக்காரப் போறாரு. காலையில எங்க போய்த் தொலைஞ்சே?

ஆபரேட்டர்: கண் டாக்டர்கிட்ட. மெதுவாக்கா, கீழே கேக்கும்.

டிக்கெட் அக்கா: கண்ணுக்கா? உனக்கா?

ஆபரேட்டர்: இன்னைக்கும் படம் மங்கலா இருந்தா ஆபரேட்டரை மாத்திடுவேன்னுட்டாரே. பயந்துட்டேன். எனக்குத் திரை சரியாத் தெரியாதுக்கா... ஒன்பது வருஷமா.

டிக்கெட் அக்கா: அடப்பாவி. இந்த புரொஜக்டர் ரூம் ஜன்னல் கண்ணாடியில அழுக்கு, கீழேருந்து டார்ச் அடிச்சுச் சொல்லுங்கன்னியே?

ஆபரேட்டர்: அழுக்காவது ஒண்ணாவது. தெளிவானதும் நீங்க டார்ச் அடிப்பீங்க, நான் லென்ஸைத் திருகறதை நிறுத்துவேன். அப்படியே ஓட்டிட்டேன்.

டிக்கெட் அக்கா: போன்ல பொடி எழுத்தெல்லாம் படிக்கறியே?

ஆபரேட்டர்: கிட்டத்துல தெரியும், தூரம்தான் தகராறு. கண்ணுக்குள்ளயும் லென்ஸ் இருக்காம். வெளிச்சத்தைக் குவிச்சு, பின்னால இருக்கற விழித்திரையில விழ வைக்குமாம். என் கண்ணு கொஞ்சம் நீளமாம்.

டிக்கெட் அக்கா: நீளமா? உருண்டையாத்தானே முழிக்கறே.

ஆபரேட்டர்: உள்ளேக்கா. நம்ம திரையை நாலடி பின்னால தள்ளிட்டா?

டிக்கெட் அக்கா: எல்லாம் கலங்கிப் போகும்.

ஆபரேட்டர்: அதேதான். என் கண்ணுக்குள்ளயும் படம் திரைக்கு முன்னாலயே விழுந்துடுது. கிட்ட இருக்கற பொருள்னா படம் பின்னால தள்ளி விழும், அதான் போன் தெரியுது. தூரத்துக்கு இந்தக் கண்ணாடி. வெளிச்சத்தை லேசா விரிச்சு விடும், படம் விழித்திரையில போய் உக்காரும்.

டிக்கெட் அக்கா: போடு பார்ப்போம்... ம், கணக்கு வாத்தியார் மாதிரி இருக்கே.

ஆபரேட்டர்: ...அக்கா.

டிக்கெட் அக்கா: என்ன?

ஆபரேட்டர்: நேத்து நீங்க டார்ச் அடிச்ச இடத்துலதான் லென்ஸ் இருக்கு. நான் தொடவே இல்ல.

டிக்கெட் அக்கா: இருக்கட்டுமே.

ஆபரேட்டர்: சோதனைக்கு ஓடற படம் கஞ்சி மாதிரி இருக்கு.

டிக்கெட் அக்கா: புதுக் கண்ணாடி... பழகணும்.

ஆபரேட்டர்: திரைக்குப் பக்கத்துல கதவு நம்பர் பளிச்னு தெரியுதே. இருங்க, திருகறேன்... இன்னும் கொஞ்சம்... அப்பாடா. கதாநாயகன் தலை முடி முடியாத் தெரியுது. என் வேலை பிழைச்சுது. ஆமா, இத்தனை வருஷமா எதைப் பார்த்து டார்ச் அடிச்சீங்க?

டிக்கெட் அக்கா: ஜனங்க கத்துவாங்க... கத்தல் ஓஞ்சதும் அடிப்பேன். இப்போல்லாம் எவன் கத்தறான்? நேரா முதலாளிக்குப் புகார் எழுதிப் போட்டுடறான்... அந்தக் கண்ணாடியை இப்படிக் குடு. அட, கதாநாயகனும் வில்லனும் வேற வேற ஆளா?