பாஸ்கோ என்று பெயர் ஒட்டிய பாத்திரம்

நாற்பது ஆண்டுகளாக இந்த மன்றத்தின் கூரை ஒழுகாமல் காத்துவரும் அவைத் தலைவர் ஆல்பி டிரான்டர் அவர்களே, ஒழுகத்தான் செய்கிறது என்று பின்வரிசையில் முணுமுணுக்கும் பாரி அவர்களே, கோதுமை அறுவடையைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்த பெரியோர்களே, ஆளுக்கொரு தட்டு கேக் சுமந்து வந்த தாய்மார்களே, சற்றுமுன் நம்மையெல்லாம் அழவைத்த படத்தை எடுத்த நம் ஊர்ப் பெண் மெரின் அவர்களே, அனைவருக்கும் இந்த நொரீன் பாஸ்கோவின் பணிவான வணக்கம்.

படத்தில் வருகிற தாய் கற்பனை அல்ல. மெரினின் தாய் கிளெனிஸ் இப்போது வெளியே காரில் இருக்கிறார். ஏன் உள்ளே வரவில்லை என்று மெரினிடம் கேட்டேன். "வர மாட்டேங்கறாங்க ஆன்ட்டி. ஊரே என் கதையப் பாத்தாச்சு, மூஞ்சியையும் பாக்கணுமாக்கும்னு கேக்கறாங்க" என்றாள்.

நம் ஊரின் பெருமை எது? கடலா, கப்பல் துறையா? இல்லை. ஒரு வீட்டில் துக்கம் என்றால் அந்த வாசலில் சூடாக உணவு வந்து இறங்கும். பாத்திரத்தின் அடியில் பிளாஸ்திரி ஒட்டி, அதில் கொடுத்தவர் பெயர். கழுவித் திருப்பிக் கொண்டுபோனால் அங்கே ஒரு கோப்பைத் தேநீர். கிளெனிஸின் கணவர் இறந்தபோது பதினோரு பாத்திரங்கள் போயின. அடுத்த ஆண்டு கிளெனிஸ் மனநோயில் விழுந்து, திரைச்சீலையைக்கூட விலக்காமல் கிடந்தபோது எத்தனை போயின? சொல்லுங்கள், எத்தனை? ஆல்பி தலை குனிகிறார். நானும் குனிகிறேன். ஒன்றுகூட இல்லை. காலொடிந்தால் கறி சமைப்போம். மனமொடிந்தால் மறுபக்கத் தெருவில் நடப்போம்.

அப்போது மெரினுக்குப் பன்னிரண்டு வயது. அவள் என்ன செய்தாள் என்பதைத் திரையில் பார்த்தீர்கள். கடையில் ஒரு பாத்திரம் வாங்கி, மக்ரோனி வேகவைத்து, தன் வீட்டு வாசலில் தானே வைத்து, தானே மணியடித்தாள். "அம்மா, யாரோ சாப்பாடு வச்சிட்டுப் போயிருக்காங்க." தாய் பாத்திரத்தைத் தூக்கி அடியைப் பார்த்தார். "பேரே இல்லையேடி. யாருக்குத் திருப்பிக் குடுக்கறது?" மறுமுறை அந்தக் குழந்தை பிளாஸ்திரி ஒட்டி ஒரு பெயர் எழுதினாள். பாஸ்கோ. என் பெயர்.

இனி நான் சொல்லப்போவது படத்தில் இல்லை. மெரினுக்கே தெரியாது. பின்னர் மருத்துவமனையில் சேர்ந்து, குணமாகித் திரும்பிய அதே வாரம், தலைவாரி, நல்ல கோட்டு அணிந்து, கிளெனிஸ் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் அந்தப் பாத்திரம். "ரொம்ப நன்றி நொரீன். உன் மக்ரோனிதான் என்னை எழுந்து உக்கார வச்சுது." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது என்னோடது இல்லையே கிளெனிஸ்." அவர் முகம் வெளிறிப்போனது. அடியிலிருந்த பெயரைக் காட்டினார். நான் பார்க்கவும் இல்லை. "வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அதோடு விட்டேனா? இன்னும் சரியாகவில்லை பாவம் என்று ஊரெல்லாம் சொன்னேன். அதன்பின் கிளெனிஸ் யார் கதவையும் தட்டவில்லை. இருபத்தோரு ஆண்டுகள். புத்தி பிசகியது யாருக்கு, அவருக்கா, எனக்கா? இன்று திரையில் அந்தக் குழந்தையின் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. வெட்கமாக இருக்கிறது.

என்ன மெரின்? சத்தமாகச் சொல்லம்மா. "அம்மா கதவுகிட்ட நிக்கறாங்க ஆன்ட்டி. ரொம்ப நேரமா."

யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள். பாரி, உங்களுக்கும்தான் சொல்கிறேன்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட அவைக்கு என் நன்றி. கூட்டத்தை முடித்துவைக்க வேண்டியது ஆல்பியின் வேலை. நான் மேடையை விட்டு இறங்குகிறேன், ஒரு வார்த்தை மட்டும் பாக்கி.

கிளெனிஸ், அந்தப் பாத்திரம் என்னோடதுதான். நாளைக்குக் கொண்டு வந்து குடு. டீ போட்டு வைக்கிறேன்.