மிதவையில் அழும் குரல்

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பிள்ளையை விட்டு அகல முடியவில்லை. அதனால் நாளை நான் நிற்க வேண்டிய மேடையில் என் நாத்தனார் நின்று இதை வாசிப்பாள்.

அவையை நடத்தும் தலைவர் அவர்களே! காலில் சேறு காயாமல் வந்து அமர்ந்திருக்கும் பறவைகள் சங்கப் பெரியோர்களே! மடியில் ஒன்று, தோளில் ஒன்றாக வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

வெண்சிறகும் கருந்தொப்பியும் கொண்ட ஆலாப் பறவைகள் நம் சதுப்பு நிலத்தை மறந்து எத்தனை காலம்! அவை மீண்டும் வர நாம் என்னதான் செய்யவில்லை? அவை முட்டையிட நீர்மேல் மிதவை கட்டினோம், அதில் மணல் பரப்பினோம், மரத்தில் ஆலா செதுக்கி வைத்தோம். தன் இனத்தின் குரல் கேட்கும் இடத்தில்தானே ஆலா முட்டையிடும்? வேறோர் ஏரியில் முன்பு பதிவு செய்த ஆலாக்களின் இரைச்சலை ஒலிபெருக்கியில் ஓடவிட்டோம். அந்தப் பதிவின்போது என் இடுப்பிலிருந்த கைக்குழந்தை வீறிட்டு அழுதிருந்தாள். ஒலிப்பதிவுக்காரர் அழுகையை வெட்டிவிட்டுப் போட்டுப் பார்த்தார்; ஒரு சிறகும் வரவில்லை. வெட்டாமல் போட்டார், வானமே வெள்ளையாகும்படி வந்து இறங்கின! கை தட்டினோமே, நினைவிருக்கிறதா?

அந்தக் கைக்குழந்தைக்கு இன்று ஓடத் தெரியும். சென்ற வாரம், பட்டப்பகலில், துணி காயப்போட்டுத் திரும்பினால் பிள்ளையைக் காணோம். கோரைக்கு நடுவே, தன் இடுப்பளவு நீரில் நின்றிருந்தாள். ஓடிப்போய் வாரி எடுத்தேன்.

“எங்கடி போற?”

“பாப்பா அழுவுதும்மா.”

“எந்தப் பாப்பா?”

“நான்தாம்மா. அங்க நான் அழுதுட்டு இருக்கேன். போய் என்னைத் தூக்கும்மா.”

தாய்மார்களே, நீங்களாக இருந்தால் இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

முன்வரிசையில் படகுக்கார அண்ணன் சிரிப்பது இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. சிரியுங்கள் அண்ணா! அன்று நான் ஒலிபெருக்கியைக் கழற்றச் சொன்னபோதும் சிரித்தீர்கள். கழற்றிக்கொண்டு கரையேறினீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் அழுகை எழுந்தது. அப்போது சிரித்தீர்களா, இல்லை என்னிடம் இப்படிக் கேட்டீர்களா?

“பொட்டி என் கையில இருக்கு தங்கச்சி... பின்ன யாரு அழுவுறது?”

மிதவைக் கம்பத்தில் ஒரு கரிச்சான். கேட்ட குரலைக் கற்றுக்கொண்டு கத்தும் கரும்பறவை. அலகு திறந்தது, என் மகள் அழுதாள்.

அத்துடன் முடிந்ததா? முடியவில்லையே! நேற்று அது “அம்மா” என்றது. பதிவில் இருப்பதோ பேச்சு வராத பிள்ளையின் அழுகை. அப்படியானால் அந்தச் சொல்லை எங்கே கற்றது? எந்த ஜன்னலோரம் அமர்ந்து கற்றது? எத்தனை நாள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது? வாசிக்கிறவளே, இந்த இடத்தில் குரல் நடுங்கினால் தண்ணீர் குடித்துக்கொள்; வரியை மட்டும் விட்டுவிடாதே.

வெடி போட்டுக் கரிச்சானை விரட்ட இந்த அவையில் தீர்மானம் வரப்போகிறதாம். எல்லாம் எங்கள்மேல் உள்ள பரிவுதான். ஆனால் வேண்டாம்! வெடிச் சத்தத்தில் ஆலாக்கள் எழுந்து போனால் முட்டைகள் வெயிலில் வெந்துவிடும். முட்டை திருட வரும் காக்கையைக் கொத்தி விரட்டுவது யார்? அதே கரிச்சான்! அந்தக் குரல் கேட்டால் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன், உண்மை. ஆனால் அந்தக் குரலை நம்பி வந்த தாய்கள் அங்கே அசையாமல் அடைகாக்கிறார்கள். கூப்பிட்டது யார்? நாம்! குடியமர்த்தியது யார்? நாம்! கூப்பிட்ட நாமே குடியைக் கெடுக்கலாமா?

நான் கேட்பது ஒரு வேலி. என் வீட்டுக்கும் நீருக்கும் நடுவே, பிள்ளை ஏற முடியாத உயரத்தில் ஒரு கம்பிவேலி. குஞ்சுகள் பறக்கும்வரை முறைபோட்டுக் கரையில் ஓர் ஆள். அது போதும்.

இப்போது பிள்ளை என் மடியில் வாய் மூடித் தூங்குகிறாள். வெளியே, நீருக்கு மேலிருந்து, அவள் என்னைக் கூப்பிடுகிறாள். எழுந்து ஓடச் சொல்கிறது மனம், எழாமல் எழுதுகிறேன்.

பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றியும் வணக்கமும். வேலி போடுவீர்களா என்று சீக்கிரம் பதில் சொல்லி அனுப்புங்கள்.