முதல் ஆள்

— அந்த மாட்டுக்குப் பின்னால நிக்காதீங்க கேப்டன். உதைக்கும்.

— உதைக்கட்டும்டா ஜோயல். உதை வாங்க வேண்டிய ஆளுதான் நான்.

— மெல்போர்ன்லேர்ந்து இவ்வளவு தூரம் கார் ஓட்டிட்டு வந்தது இதுக்கா? அந்த வாளிய இப்படித் தள்ளுங்க.

— ஊக்கமருந்து ஊசின்னு டீம் மொத்தத்துக்கும் தடை போட்ட அன்னிலேர்ந்து உனக்கு போன் பண்ண எனக்கு மூஞ்சி இல்ல, பாத்துக்க. நான் ஆடி முடிச்சவன். நீ இப்பதான் டீமுக்குள்ள வந்த. இங்க ஊர் டீம்லயாவது ஃபுட்பால் ஆடுறியா?

— எங்க? தண்ணி பாட்டில் தூக்கிட்டுக்கூட மைதானத்துக்குள்ள வரக்கூடாதுன்னுட்டாங்க. சனிக்கிழமை மேட்ச்சுக்கு அப்பா என்கிட்ட சொல்லாமலே கிளம்பிப் போறாரு. பப்புல யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. அதுதான் ரொம்பக் கூசுது.

— ஊசில என்ன இருந்துதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுடா. கோச்சைக் கேட்டா டாக்டரைக் கேளுன்னாரு. டாக்டரைக் கேட்டா கிளப் சரின்னுடுச்சுன்னாரு.

— அப்புறம்?

— அதுக்கு மேல அழுத்திக் கேக்கல. கேப்டனே தயங்கினா பசங்க பயந்துடுவீங்கன்னு, உங்க எல்லார் முன்னாடியும் முதல் ஆளா சட்டையத் தூக்கி வயித்துல குத்திக்கிட்டேன்.

— சிரிச்சுக்கிட்டே.

— ஆமா. அப்புறம் உங்களை ஒவ்வொருத்தனா டாக்டர் ரூமுக்குள்ள அனுப்பினேன். சம்மதமான்னு ஒருத்தனையும் ஒரு வார்த்தை கேக்கல. நெனச்சாலே அவமானமா இருக்குடா. நாளைக்கு உன் உடம்புக்கு ஒண்ணுன்னா? வா, நானே கூட்டிட்டுப் போறேன், ரத்த டெஸ்ட் பண்ணிடலாம்.

— வேணாம் கேப்டன். என் உடம்புல ஒண்ணும் இல்ல.

— உனக்கு எப்படித் தெரியும்?

— நான் ஊசியே போட்டுக்கல.

— என்னடா சொல்ற? விசாரணைல போட்டுக்கிட்டேன்னு நீயும்தானே சொன்ன?

— நீங்க எல்லாரும் சொன்னீங்க. நான் மட்டும் நல்லவன் மாதிரி வெளிய வந்தா அப்புறம் யார் மூஞ்சில முழிக்கிறது?

— டாக்டர் ஒண்ணும் சொல்லலையா?

— இஷ்டமில்லன்னா விடு தம்பின்னுட்டாரு. நான்தான் சும்மா ஒரு பிளாஸ்திரி மட்டும் வயித்துல ஒட்டிவிடச் சொன்னேன்.

— பிளாஸ்திரி எதுக்குடா?

— நீங்க கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டு, வர்ற ஒவ்வொருத்தன் சட்டையையும் தூக்கிப் பாத்து, தட்டிக்கொடுத்துக் கட்டிப்பிடிச்சீங்களே கேப்டன். டாக்டர்கிட்ட வேணாம்னு சொல்ல முடிஞ்சுது. உங்ககிட்டதான் முடியல.